நந்தவனத்தில் பூத்த விடை

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் கரிசல் சூழ்ந்த ஊர். மழையை நம்பிய வேளாண்மையும், அரை நூற்றாண்டைக் கடந்த அரசு சிமெண்ட் ஆலையும், சுற்று வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் இப்பகுதி மக்களுக்குச் சோறிட்டு வந்திருக்கின்றன. விடியுமுன் எழுவது இங்கே எவருக்கும் புதிதன்று. உழவர்க்குக் கீழ்வானமும், ஆலைத் தொழிலாளர்க்கு முறைநேரமும், பட்டாசு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஊருக்குள் வந்து நிற்கும் வண்டியும் நாளின் தொடக்கத்தைச் சொல்லிவிடும்.

பிறகு ஒருநாள் அந்த அழைப்பு நின்றுபோகிறது. முழங்கால் இடம் கொடுப்பதில்லை, கண் மங்குகிறது, பணி ஓய்வு வந்துவிடுகிறது. மக்கள் சென்னையிலோ பெங்களூரிலோ குடியேறிவிடுகிறார்கள். உடல் மட்டும் பழைய வழக்கம் மாறாமல் அதே நேரத்தில் விழித்துக்கொள்கிறது. எழுந்து அமர்ந்த முதியவரின் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது: “இனி நான் எதற்காக எழ வேண்டும்? எனக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது?”

இது சோம்பலில் பிறந்த வினா அன்று. அறுபது ஆண்டுகள் பிறருக்காகவே உழைத்தவர்களின் நெஞ்சில்தான் இது மிகுதியாக எழுகிறது. உலகின் எல்லாத் தேசங்களிலும் முதியோர் இதைக் கேட்கின்றனர். விடைகள்தாம் தேசத்துக்குத் தேசம் வேறுபடுகின்றன. ஆலங்குளத்தைத் தன்னகத்தே கொண்ட இந்த ஒரே மாவட்டமோ, இவ்வினாவுக்கு இரண்டு பெரும் விடைகளை உலகுக்கு வழங்கியிருக்கிறது. ஒன்று மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பூத்தது. மற்றொன்று கிழக்கே திருச்சுழியில் அவதரித்த ஒரு மகானிடமிருந்து வந்தது.

பிற தேசத்தார் சொல்லும் விடைகள்

ஜப்பானியர் மொழியில் ‘இகிகாய்’ என்றொரு சொல் உண்டு. உயிர் வாழ்வதற்குத் தகுந்த காரணம் என்பது அதன் பொருள். அது பெரிய சாதனையாக இருக்க வேண்டுவதில்லை. தோட்டத்தில் வளரும் ஒரு செடி, வாரந்தோறும் வரும் பேரக்குழந்தை, பழகிய கைத்தொழில் என எதுவும் ஒருவரின் இகிகாய் ஆகலாம்.

மியெகோ காமியா என்னும் ஜப்பானிய மனநல மருத்துவர், நாகாஷிமா தீவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றியவர். அங்கே அவரைச் சிந்திக்க வைத்தது ஒரு காட்சி. ஒரே நோய், ஒரே கூரை, ஒரே உணவு. ஆயினும் சிலர் வெறுமையில் வாடினர், சிலர் நிறைவோடு வாழ்ந்தனர். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, 1966-ஆம் ஆண்டில் இகிகாயைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

பின்னாளில் அந்நாட்டின் ஓசாகி வட்டாரத்தில் 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரிடம், “உமக்கு இகிகாய் இருக்கிறதா?” என்று கேட்டு, ஏழாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்ததென்று 2008-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. வாழ்வில் பற்றுக்கோடு இருந்தாலே ஆயுள் நீளும் என்று இதைக்கொண்டு அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. எனினும் மனத்தின் வெறுமையை அற்பமாக எண்ணலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

மேலைநாட்டில் வியன்னா நகரத்து மருத்துவர் விக்டர் பிராங்கல், இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் வதை முகாம்களில் அடைபட்டு, மனைவியையும் பெற்றோரையும் இழந்தவர். மீண்டு வந்தபின் 1946-இல் வெளியிட்ட நூலில் அவர் வினாவின் திசையையே மாற்றினார். ‘வாழ்விடம் நான் என்ன எதிர்பார்க்கலாம்?’ என்று மனிதன் கேட்பதைவிட, வாழ்வு தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று உணர்வதே மேல் என்றார். செய்யும் பணியாலும், கொள்ளும் அன்பினாலும், தவிர்க்க இயலாத துன்பத்தைத் தாங்கும் முறையாலும் வாழ்வு பொருள் பெறும் என்பது அவர் கண்ட முடிவு.

2021-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ, பொருளாதாரத்தில் முன்னேறிய 17 நாடுகளின் மக்களிடம், வாழ்வுக்குப் பொருள் தருவது எது என்று கேட்டது. 14 நாடுகளில் குடும்பமே முதலிடம் பெற்றது. தென்கொரியர் பொருள்வளத்தை முதலாகச் சொன்னார்கள்; ஸ்பெயின் நாட்டார் உடல்நலத்தை; தைவான் மக்கள் தம் சமுதாயத்தை. இறைநம்பிக்கை அமெரிக்காவில் மட்டுமே முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

வியப்பூட்டும் செய்தி மற்றொன்றும் உண்டு. ஷிகெஹிரோ ஒயிஷி, எட் டீனர் ஆகிய இரு உளவியல் அறிஞர்கள் 132 நாடுகளின் மக்கள் அளித்த விடைகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. செல்வ நாடுகளின் மக்கள் தம் வாழ்க்கை வசதி பற்றிக் கூடுதலான திருப்தி தெரிவித்தனர். ஆனால், ‘என் வாழ்வுக்கு முக்கியமான ஒரு நோக்கம் உண்டு’ என்று சொன்னவர்கள் ஏழை நாடுகளில்தான் மிகுதி. அதற்கு முதன்மையான காரணம் அந்நாட்டு மக்களின் சமய வாழ்வே என்று அவ்வறிஞர்கள் கண்டனர்.

வசதி வேறு, வாழ்வின் பொருள் வேறு. நம் முன்னோர் இதை வேறொரு வழியில் அறிந்திருந்தனர். அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு உறுதிப்பொருள்களை வகுத்தவர்கள், பொருளீட்டலையும் இன்பத்தையும் இகழவில்லை. அவற்றை அறத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வைத்து, முன்னும் பின்னும் காவல் அமைத்தார்கள். வாழ்க்கையையும் நான்கு நிலைகளாகப் பகுத்தார்கள். இல்லறத்தானின் கடமை வேறு, முதியவனின் கடமை வேறு. ஆகவே உழைப்பு ஓய்ந்தால் நோக்கமும் ஓய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு அவர்களின் ஏற்பாட்டில் இடமில்லை.

மன்னன் எழுப்பிய வினா

வைணவ குருபரம்பரை வரலாறு ஓர் அரசனைப் பற்றிச் சொல்கிறது. மதுரையை ஆண்ட பாண்டியன் வல்லபதேவன் ஓரிரவு மாறுவேடத்தில் நகர்வலம் வந்தான். வழியில் ஒரு திண்ணையில் படுத்திருந்த அந்தண யாத்திரிகரைக் கண்டு, தனக்கு ஏதேனும் நல்லுரை கூறுமாறு வேண்டினான். அவர் சொன்னதன் கருத்து இதுதான்: மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களில் தேடிக்கொள்ள வேண்டும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இப்பிறவியிலும் தேடிக்கொள்ள வேண்டும்.

அரசனுக்கு உறக்கம் வரவில்லை. முதல் மூன்றும் அவனிடம் குறைவின்றி இருந்தன. நான்காவதற்கு என்ன செய்வது? பரம்பொருள் யார், அடைய வேண்டிய பேறு எது என்று தன் அமைச்சர் செல்வநம்பியிடம் கேட்டான். அவருடைய யோசனைப்படி அவையில் பொற்கிழி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, வித்துவான்களை அழைத்தான். சாத்திரம் கற்றோர் பலர் வந்து வாதிட்டனர்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்து, மலர் பறித்து மாலை கட்டிச் சமர்ப்பித்துக் கொண்டிருந்தார் விஷ்ணுசித்தர். மதுரைக்குச் சென்று பரத்துவத்தை நிலைநாட்டுமாறு பெருமாள் அவருக்குக் கட்டளையிட்டான். சாத்திர வாதங்களில் பழகாத தாம், களைக்கொத்து பிடித்துத் தழும்பேறிய கையோடு அவைக்கு எப்படிச் செல்வது என்று அவர் தயங்கினார். “செல்பவன் நீர், பேசுவிப்பவன் நான்” என்ற துணிவை இறைவன் அளிக்க, அவர் சென்றார், வேதப்பொருளை எடுத்துரைத்தார். பொற்கிழி தானே வளைந்து அவர் கைக்கு எட்டியது.

வாழ்வின் குறிக்கோள் எது என்று பேரரசன் கேட்ட வினாவுக்கு விடையளித்தவர் ஒரு பூந்தோட்டக்காரர்! நாள்தோறும் நீர் ஊற்றி, களை எடுத்து, ஒருவனுக்காகத் தொடுத்துக் கொண்டிருந்த வாழ்க்கையே அவருடைய விடை. அவையில் அவர் சொல்லால் விளக்கியதை ஊரில் அவர் கைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன.

இதனினும் பெரிது அடுத்து நிகழ்ந்தது. அரசன் அவரைப் பட்டத்து யானை மீது ஏற்றி நகர்வலம் செய்வித்தான். மகனின் பெருமையைக் காண வரும் பெற்றோரைப் போல, எம்பெருமான் கருட வாகனத்தில் வானில் காட்சியளித்தான். வேறொருவராயின், அந்தக் கணத்தில் வரம் வேண்டியிருப்பார். ஆழ்வாரோ தம்மை மறந்தார். இத்தனை அழகும் கண்ணேறு பட்டுவிடுமே என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, இறைவன் நீடூழி வாழ்கவென்று பல்லாண்டு பாடினார். காக்கும் கடவுளுக்கே காப்பிட்ட அந்தப் பரிவினால்தான் அவர் ‘பெரியாழ்வார்’ ஆனார்.

பொற்கிழியோடு ஊர் திரும்பியவர் மீண்டும் நந்தவனத்துக்கே சென்றார். கிழிப்பொருளைக் கோயில் திருப்பணிக்கே அளித்தார் என்பர். துளசிச் செடியின் கீழ் ஆண்டாளைக் கண்டெடுத்ததும் அந்த நந்தவனத்தில்தான். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலை பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், மதுரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் செல்கிறது. ஒரு முதியவர் தமக்கென எதையும் கருதாமல் வைத்த செடிகளின் மணம், எத்தனையோ நூற்றாண்டுகளைக் கடந்தும் குறையவில்லை.

திருச்சுழி தந்த மறுவினா

அதே மாவட்டத்தின் கிழக்கே, பூமிநாதர் எழுந்தருளியிருக்கும் திருச்சுழியில், 1879 டிசம்பர் 30-ஆம் நாள் வேங்கடராமன் பிறந்தார். 1896-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், மதுரையில் உறவினர் இல்லத்தில் இருந்தபோது திடீரென்று மரண பயம் அவரைப் பற்றியது. அவர் ஓடவில்லை, எவரையும் அழைக்கவில்லை. பிணம்போல் படுத்து, சாவது உடல்தானே, அப்படியாயின் ‘நான்’ என்பது எது என்று உள்முகமாக நோக்கினார். சில வாரங்களில், அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், திருவண்ணாமலையை அடைந்தார். பகவான் ரமண மகரிஷியாக 1950 ஏப்ரல் 14 வரை அம்மலையை நீங்கவேயில்லை.

வாழ்வின் நோக்கத்தைத் தேடிப் பல தேசத்தார் அவரிடம் வந்தனர். ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரண்டன் 1931-இல் வந்தார். 1934-இல் வெளியான அவர் நூல் வழியே மேலைநாடுகள் பகவானை அறிந்தன. நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-இல் வந்தார். வந்தவர்களின் வினாக்கள் பலவாறாக இருந்தன. பகவான் பெரும்பாலும் வினாவைக் கேட்டவர் பக்கமே திருப்பினார்: கேட்கும் நீ யார் என்று முதலில் பார். ‘எனக்கு என்ன வேலை இருக்கிறது?’ என்று வருந்துவதற்கு முன், வருந்தும் அந்த ‘நான்’ யார் என்று கண்டுகொள்ளச் சொன்னது அவர் வழி.

எனில், அவர் கைகட்டி அமர்ந்திருந்தாரா? இல்லை. விடியுமுன்னரே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய்கறி நறுக்கினார். இலை தைத்தார், கைத்தடி செதுக்கினார், அச்சுப்படிகளைத் திருத்தினார், கிழிந்த நூல்களைக் கட்டுமானம் செய்தார். ‘சும்மா இரு’ என்று அவர் உபதேசித்தது மனத்தின் ஆரவாரத்தைத்தான். கைகள் அவருக்குச் சும்மா இருந்ததில்லை.

பெரியாழ்வார் ‘அவனுக்காக’ என்றார். பகவான் ‘நான் யார்’ என்றார். ஒன்று பக்தி, மற்றொன்று ஞானம். வழிகள் வேறாகத் தோன்றினும் இரண்டும் செய்வது ஒன்றே: ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்னும் கணக்கைக் கழித்துவிடுகின்றன. அக்கணக்கு நீங்கியபின் பூத்தொடுத்தலும் காய் நறுக்கலும் ஒரே தன்மையாகிவிடுகின்றன. ஜப்பானியரின் இகிகாயும் சிறு செயலில் நிறைவு காண்பதே. ஆனால் அது ‘என் வாழ்வுக்குக் காரணம்’ எது என்று தேடுகிறது. நம் அடியார்களோ அந்த ‘என்’ என்பதையும் மாலையோடு சேர்த்துச் சமர்ப்பித்துவிட்டார்கள்.

கரிசல் மண்ணின் சோதனை

இவையெல்லாம் மகான்களுக்குப் பொருந்தும். உழைத்துக் களைத்த எளியோருக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். விடையை இம்மண்ணிலேயே காணலாம்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்குகிறது சிவகாசியின் கதை. இன்று நாட்டின் பட்டாசுகளில் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது. காகிதக் குழல் சுருட்டி, திரி செருகி, பொதிந்து அனுப்பும் கைகள், அந்த வாணம் எந்த ஊர் வானத்தில் மலரும் என்று அறிவதில்லை. எந்தக் குழந்தை அதைக் கண்டு கைதட்டும் என்றும் அறிவதில்லை. தொடுத்தவர் சூடாத மாலையைப் போன்றது அவர்களின் உழைப்பு.

அந்த உழைப்புக்குக் கொடுத்த விலையும் பெரிது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் உண்டு. வேலைக்குச் சென்ற மகனோ மருமகளோ வீடு திரும்பாதபோது, ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் ஒரு மூதாட்டி மீண்டும் அடுப்பு மூட்ட வேண்டியதாகிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதாகிறது. அத்தகைய துயரத்துக்கு அழகிய விளக்கம் எதுவும் சொல்லிவிட முடியாது, சொல்வதும் முறையன்று. அந்த நோக்கத்தை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவள் மடியில் வந்து விழுந்தது. வாழ்வு நம்மைக் கேட்கிறது என்று வியன்னா மருத்துவர் எழுதியதை அவள் படித்ததில்லை. ஆனால் கேட்டபோது எழுந்து நின்றாள். ஆடி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் திரளும் கூட்டத்தில், தனக்கென ஒன்றும் கேளாமல் “பிள்ளைகளைக் காப்பாத்து தாயே” என்று மட்டும் சொல்லித் திரும்பும் அத்தகையோர் பலர் உண்டு.

முதுமைக்கென்று ஒரு பணி

இல்லங்களில் அன்பினாலேயே நேரும் ஒரு பிழை உண்டு. “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம உட்காருங்க” என்று பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆயினும் பூப்பறிப்பதையும் விளக்கேற்றுவதையும் கீரை ஆய்வதையும் முதியவர் கையிலிருந்து வாங்கிவிட்டால், அவர் காலையில் எழுவதற்கான காரணத்தையும் சேர்த்தே வாங்கிவிடுகிறோம். உடல் இடம் கொடுக்கும் அளவுக்கு ஒரு வேலையை அவர்களுக்கென்றே விட்டுவைப்பது, மருந்து வாங்கித் தருவதற்குக் குறைந்த சேவையன்று.

முதியோரும் பெரிய தொண்டு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. வாசலில் ஒரு செம்பருத்தியோ துளசியோ வைத்து, அன்றாடம் ஒரு பூவேனும் அருகிலுள்ள கோயிலுக்குக் கொடுக்கலாம். ஊர்க் கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைக் களையலாம். உழவாரப் படை ஏந்திய திருநாவுக்கரசர் முதுமையிலும் அதையே செய்தார். தெருப்பிள்ளைகள் நால்வருக்கு மாலையில் ஒரு பதிகமோ பாசுரமோ சொல்லித் தரலாம். கோடையில் திண்ணையில் ஒரு பானைத் தண்ணீர் வைக்கலாம். மனச்சோர்வு நெடுநாள் விலகாதிருந்தால் மருத்துவரிடம் சொல்வதில் நாணம் கொள்ள வேண்டாம். உடல் நோயைப் போன்றதே அதுவும்.

இவற்றில் ஒன்றும் இயலாமல் படுக்கையில் இருப்பவர் என்ன செய்வது? அவருக்கும் பெரியாழ்வாரிடம் விடை இருக்கிறது. அவரை ‘பெரிய’ ஆழ்வாராக ஆக்கியது வாதத்தில் பெற்ற வெற்றியன்று, வாழ்த்து. தேர்வுக்குப் புறப்படும் பேரன் காலில் விழும்போது “நல்லா இரு” என்று தலையைத் தொடும் நடுங்கும் கை, பிறந்த குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிக் கண்ணேறு கழிக்கும் பாட்டியின் பரிவு, இவையெல்லாம் பல்லாண்டின் மரபைச் சேர்ந்தவையே. இளையோர் உழைக்கலாம், பொருள் ஈட்டலாம். வாழ்ந்து முடித்த நிறைவோடு வாழ்த்துவதற்கு முதியோரால்தான் இயலும். இறைவனுக்கே தேவைப்பட்டது போல் ஆழ்வார் அளித்த அந்த வாழ்த்து, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தேவைப்படாமல் போகுமா?

நாளையும் ஆலங்குளத்தில் பொழுது புலரும். வண்டிக்குக் காத்திருப்போர் சாலைக்கு வருவர். உழவர் வயலுக்கு நடப்பர். விழித்தெழும் முதியவர், தமக்கு என்ன வேலை என்று கலங்க வேண்டியதில்லை. வடபத்ரசாயியின் கோபுரத்தை மனத்தால் நினைத்து, வேலைக்குச் செல்லும் அத்தனை பேரும் மாலையில் நலமாக வீடு திரும்புக என்று ஒருமுறை வாழ்த்தட்டும். பட்டாசுத் தொழில் நடக்கும் மண்ணில் அதைவிடப் பெரிய பிரார்த்தனை வேறில்லை. அன்றைய நாளின் முதல் மாலையை அவர் அப்போதே தொடுத்துவிட்டார்.